தாரிணி வாங்கிய சென்டம்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், ஒரு கால் ஆடும். போன தடவை ஒருத்தர் அதில் உட்கார்ந்து ஃபைலும் கையுமாகச் சரிந்தார். இங்கே பெஞ்சுக்கு வாருங்கள், நான் பையை எடுத்துக்கொள்கிறேன். பாப்பா தூங்குகிறதா? தூங்கட்டும். உங்கள் டோக்கன் என்ன, பதினாலா? நாங்கள் ஒன்பது. உள்ளே இப்போதுதான் ஆறு போயிருக்கிறது. பதினோரு மணிக்கு வரச் சொல்லுவார்கள், அந்தக் கண்ணாடிக் கதவு முதல் தடவை திறக்கும்போது பன்னிரண்டு அடித்திருக்கும். எனக்கு இதெல்லாம் அத்துப்படி. இது இரண்டாவது தடவை.

முதல் தடவை என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். நீங்கள் புதுசு. ஃபைலை அப்படி நெஞ்சோடு பிடித்திருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது. நான் செய்த தப்பை நீங்கள் செய்யக் கூடாது. தப்பு என்று நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. ஊர் வாயை மூட நமக்கு எங்கே நேரம்.

அதோ ஜன்னலோரம் நின்று எறும்பு பார்க்கிறாளே, அவள்தான் என் மகள். தாரிணி. ஏழு முடிந்து எட்டு நடக்கிறது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, என் முப்பத்தெட்டாவது வயதில் பிறந்தவள். அதனால் செல்லம் என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் செல்லம் கிடையாது. நேரம் கிடையாது, அதனால் செல்லமும் கிடையாது.

பிள்ளைக்குப் புத்தியில் குறை ஒன்றும் இல்லை. எறும்புக்கு எத்தனை கால் என்று கேளுங்கள், சொல்லுவாள். அந்த எறும்பு போன வாரம் எங்கே போயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லுவாள். கைதான் சொன்ன பேச்சு கேட்காது. பென்சில் பிடித்தால் பேப்பர் கிழியும். டம்ளரை எடுத்தால் தண்ணீர் தரையில் இருக்கும். படிக்கட்டு இறங்கும்போது ஒவ்வொரு படியையும் புதிதாகக் கண்டுபிடிப்பது மாதிரி இறங்குவாள். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவாள். எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னால், “நானும் சின்னதுல அப்படித்தான் இருந்தேன் வடிவு, எல்லாம் சரியாப் போயிரும்” என்பார். அவருக்கு எது சரியாகப் போயிற்று என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியாது.

நானும்கூட ஒன்றும் அவ்வளவு சுறுசுறுப்பான கை இல்லை. பதினொன்றாம் வகுப்பு வரைக்கும் எங்கம்மாதான் எனக்கு ரெட்டைச் சடை பின்னிவிட்டாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, சும்மா சொன்னேன்.

தாரிணி படிக்கிறது நான் படித்த அதே கான்வென்ட். பாளையங்கோட்டையில் கான்வென்டில் படித்தவர்களைப் பார்த்தாலே தெரியும், பஸ்ஸில்கூட வரிசையில் நிற்போம். இரண்டாம் வகுப்பில் சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். “தாரிணி வாயால எல்லாம் சொல்றா, கையால ஒண்ணும் வரல. ஒரு தெரபிஸ்ட்கிட்ட காட்டுங்க” என்றார். காட்டுங்கள் என்று சொன்னார், எங்கே என்று சொல்லவில்லை.

முதலில் கையெழுத்து வகுப்பில் சேர்த்தேன். நாலு கோடு நோட்டில் அவள் எழுதினது ஐந்தாவது கோட்டில் இருந்தது. பிறகு வண்ணார்பேட்டையில் தெரபி என்று போர்டு பார்த்துவிட்டு உள்ளே போனேன். உள்ளே போனால் எல்லோரும் முட்டுவலிக்காரர்கள். கழுத்தில் பட்டை கட்டின ஒருத்தர் என் மகளைப் பார்த்து, “இந்த வயசுலயேவா?” என்று உச்சுக்கொட்டினார். அங்கிருந்த பையன் நல்ல பையன்தான், விரலுக்கு உருக்கின மெழுகு வைத்துப் பார்ப்போம் என்றான். இவள் அதைத் தின்னப் பார்த்தாள். எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம்தான் பெனிட்டா மிஸ். பெருமாள்புரத்தில் ஒரு வீட்டு மாடி. இதற்கென்றே படித்த பெண், ஆக்குபேஷனல் தெரபி. சுருக்கமாக ஓ.டி. என்பார்கள். மாடி ஏறிப் பார்த்தேன், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு ஊஞ்சல். ஒரு தொட்டி நிறைய பிளாஸ்டிக் பந்து. துணி கிளிப், மணி, மாவு உருண்டை. ஒரு மணி நேரத்துக்கு அறுநூறு ரூபாய். ஊஞ்சலுக்கு அறுநூறா? எங்கள் மதினி, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, கேட்டதும் சொன்னாள்: “எங்க வீட்டு ஹால்ல தேக்கு ஊஞ்சல் சும்மாதான் கெடக்கு, கொண்டு வந்து விடு. நான் ஐநூறுக்கு ஆட்டுதேன்.” வேடிக்கையாகச் சொன்னாளா நிஜமாகச் சொன்னாளா என்று அவளிடம் எப்போதும் கண்டுபிடிக்க முடியாது.

பெனிட்டா மிஸ் முதல் நாள் என்னைத்தான் கேள்வி கேட்டாள்.

“சட்டை பட்டன் யார் போடுறது அக்கா?”

“நான்தான்.”

“சாப்பாடு?”

“நான் ஊட்டிவிடுவேன். வேன் ஏழு அம்பதுக்கு வந்து ஹாரன் அடிப்பான், அவனுக்குப் பொறுமையே கிடையாது.”

“தலை, ஷூ, பை?”

“எல்லாம் நான்தான். வேற யாரு செய்வா?”

“அப்போ தாரிணி என்ன செய்வா?”

“அவ வாயைத் திறப்பா.”

அந்தப் பெண் இதையெல்லாம் எழுதிக்கொண்டாள். எழுதும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள், நான்தான் நோயாளி மாதிரி. பிறகு சொன்னாள்: “அவ ஒரு வேலையை ஆரம்பிச்சான்னா, நீங்க கையை நீட்டுறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள நூறு எண்ணுங்க. அது போதும் எனக்கு.” இதற்கு அறுநூறு. எண்ணினேன். நான் கணக்கில் என்றைக்கும் புலி, பத்து விநாடியில் நூறு வந்துவிடும். வந்ததும் பட்டனை நானே போட்டுவிடுவேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நாலு மாதத்தில் பிள்ளை மிக்சி சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் போவதை விட்டுவிட்டாள். கதவுக்குப் பின்னால் நின்றுகொள்கிறாள். சிரிக்காதீர்கள், கட்டிலுக்கடியிலிருந்து கதவு வரைக்கும் வந்தது எங்களுக்குக் கன்னியாகுமரி வரைக்கும் நடந்து போனது மாதிரி. ஊஞ்சலைப் பற்றி நான் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

வாரம் மூன்று நாள், மாதம் ஏழாயிரத்துச் சொச்சம். எங்கள் வீட்டுக்காரர் கூட்டுறவுப் பண்டகசாலையில் பில் போடுகிறார். சம்பளத்தைச் சொன்னால் நீங்கள் உங்கள் டிபன் பாக்ஸை என்னிடம் நீட்டிவிடுவீர்கள், அதனால் சொல்ல மாட்டேன். மருத்துவ இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று போய்க் கேட்டோம். ஒரு நாளாவது ஆஸ்பத்திரிப் படுக்கையில் படுத்திருந்தால்தான் பணமாம். “இவ எங்க வீட்டுப் படுக்கையிலயே அரை நிமிஷம் படுக்க மாட்டா சார்” என்றேன். அவர் அதற்கு ஒரு படிவம் தேடினார். கடைசியில் என் வளையல் இரண்டும் போயிற்று. அது இந்த மாதம் வரைக்கும்தான் வரும். அதோடு சரி. இனிமேல் வீட்டில் கழற்றுவதற்கு என் வாய் ஒன்றுதான் பாக்கி, அதை யாரும் அடகு பிடிக்க மாட்டார்கள்.

அப்போதுதான் சிஸ்டர் இந்த அறக்கட்டளையைச் சொன்னார். பார்த்துத் தகுதி என்று முடிவு செய்தால் ஒரு வருஷத்துத் தெரபிச் செலவு முழுக்க அவர்கள் பொறுப்பு. விண்ணப்பம் போட்டேன். இருபத்திரண்டு நாளில் நேரில் வரவும் என்று கடிதம் வந்தது. கூடவே இன்னொரு தாள். பிள்ளைக்கு எது முடியும், எது முடியாது என்று டாக்டர் பார்ப்பார் என்று மேலே ஒரு வரி. கீழே வரிசையாக எண் போட்டு ஐந்து. சட்டை பட்டன் போடுதல். மணி கோத்தல். கத்தரிக்கோலால் வட்டம் வெட்டுதல். டப்பா மூடி திறத்தல். ஒற்றைக் காலில் நிற்றல்.

நீங்களே சொல்லுங்கள். எண் போட்டு ஐந்து கேள்வி. தேதியும் கொடுத்திருக்கிறார்கள். இது வினாத்தாள் இல்லாமல் வேறு என்ன? பரீட்சைக்கு இருபத்திரண்டு நாள் முன்னாலேயே வினாத்தாளைத் தபாலில் அனுப்பிவிட்டார்கள், இவ்வளவு நல்லவர்கள் இருக்கிறார்களே என்று நினைத்தேன். எங்கள் காலத்து சிஸ்டர் கிளாரிசா சொல்லுவார், “தயாராகாமல் என் ஹாலுக்குள் கால் வைக்காதே” என்று. நான் ஒன்பது வருஷம் அந்த ஹாலில் கால் வைத்தவள். ஐந்து போர்ஷன், ஒவ்வொன்றுக்கும் நாலு நாள், கடைசி இரண்டு நாள் ரிவிஷன். ஃபிரிட்ஜில் டைம்டேபிள் ஒட்டிவிட்டேன்.

வீட்டுக்காரரின் நீலச் சட்டையைத் தலையணைக்கு மாட்டினேன். காலையில் ஐந்து மணிக்கு எழுப்பி உட்கார வைத்தேன். முதல் நாள் ஒரு பட்டன்கூடப் போகவில்லை. இரண்டாம் நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் தலையணை பிய்ந்து பஞ்சு வந்தது. எனக்குக் கை பரபரவென்று வந்தது, ஒரு நிமிஷ வேலை. ஆனால் நான் தொடவில்லை. தொட்டால் அது காப்பி அடித்த மாதிரி. பக்கத்துப் பிள்ளையின் பேப்பரில் கை வைத்தால் இரண்டு பேருக்கும் சைபர் என்பது கான்வென்ட் சட்டம். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் ரப்பரைக்கூட யாரிடமும் வாங்காதவள் நான். கையைப் புடவைக்குள் விட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன், சூப்பர்வைசர் மாதிரி. ஒரு நாள் காலையில் மட்டும் எத்தனை நூறு எண்ணினேன் என்று தெரியாது.

நாலாம் நாள் ஒரு பட்டன் போயிற்று. அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் கழற்றிவிட்டு மறுபடியும் போட்டாள். “நானே” என்றாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை, சமையலறைக்குள் போய் சும்மா நின்றுவிட்டு வந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது. அதைத் துடைக்கவே அரை மணி நேரம்.

அப்படியே மணி, கத்தரிக்கோல், டப்பா. வட்டம் முதலில் உருளைக்கிழங்கு மாதிரி வந்தது, பிறகு முட்டை மாதிரி, பிறகு வட்டம் என்று சொன்னால் ஒப்புக்கொள்கிற மாதிரி. மாதிரித் தேர்வும் வைத்தேன். பக்கத்து வீட்டு முத்துக்குட்டி சார் வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணாடி போட்டு, சிரிக்காமல் உட்காரச் சொன்னேன். மனுஷர் நன்றாகத்தான் செய்தார், ஆனால் அவள் கோத்த மணியைப் பழக்கதோஷத்தில் இரண்டு தடவை எண்ணினார்.

அந்த மூன்று வாரம் பெனிட்டா மிஸ்ஸிடம் கூட்டிப்போகவில்லை. பரீட்சை நேரத்தில் விளையாட்டு எதற்கு?

பரீட்சை அன்றைக்குத் தயிரில் சர்க்கரை போட்டு ஒரு வாய். நெற்றியில் திருநீறு. இதே பெஞ்சுதான். எங்களுக்கு முன்னால் டோக்கன், மேலப்பாளையத்திலிருந்து வந்த செய்யதம்மாள் என்று ஒருத்தி. அவள் மகளுக்கும் இதே வயதுதான். அந்தப் பிள்ளை உள்ளே போனதும் மேஜைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு ஒரே கத்தல், இங்கே வரைக்கும் கேட்டது. ஒரு மணியைக்கூடத் தொடவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. மூன்று வாரம் முன்னாலேயே தாள் வந்திருக்கிறது, இந்த அம்மா வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தாள்?

பிறகு எங்கள் தாரிணி போனாள். டாக்டர் வழுக்கைத் தலை, மெல்லப் பேசுகிற மனுஷர். பட்டன் ஆறு, ஆறையும் போட்டாள். மணி பன்னிரண்டு. வட்டம் வெட்டினாள். டப்பாவைத் திறந்தாள். ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றாள், அவர் போதும் என்று சொன்ன பிறகும் நின்றாள். டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “ரொம்ப நல்லா பண்றாளே. நீங்க ஒண்ணும் கவலப்பட வேண்டாம்மா” என்றார். நான் கவலைப்படவே இல்லை. நூற்றுக்கு நூறு. சென்டம். போகிற வழியில் லட்டு வாங்கினேன், முத்துக்குட்டி சார் வீடு, மாடி வீடு, மதினி வீடு, மூன்று வீட்டுக்கும் கொடுத்தேன். மதினி வாயில் போட்டுக்கொண்டே, “பணம் வந்துட்டா?” என்றாள். “மார்க் வந்துட்டு, பணம் பின்னாலயே வரும்” என்றேன்.

பதினைந்து நாளில் கடிதம் வந்தது. தங்கள் குழந்தை எல்லாச் செயல்களையும் தானே செய்வதால் உதவி தேவைப்படும் நிலையில் இல்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். மகிழ்ச்சியுடன். அந்த வார்த்தையை நான் நாலு தடவை படித்தேன். வீட்டுக்காரர் ஒரு தடவை படித்தார். மடித்து உறையில் போட்டார். “லட்டு மிச்சம் இருக்கா?” என்றார். அவர் வாழ்க்கையில் பேசின ஒரே குத்தல் பேச்சு அது. அதையும் எனக்கென்று சேர்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

யாருக்குக் கிடைத்தது தெரியுமா? செய்யதம்மாள் மகளுக்கு. ஒரு வருஷம் முழுக்க. சைபர் வாங்கினவளுக்கு ஸ்காலர்ஷிப், சென்டம் வாங்கினவளுக்கு வாழ்த்துக் கடிதம். இப்படி ஒரு பரீட்சையை எந்த யூனிவர்சிட்டியிலாவது பார்த்திருக்கிறீர்களா?

போன வாரம் அவளைச் சமாதானபுரம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். சண்டை போடவில்லை, எனக்கு நாகரிகம் தெரியும். “உங்களுக்குக் கெடச்சுட்டு போல” என்று மட்டும் கேட்டேன். அவள் சொன்னாள்: “ஆமாக்கா. அன்னைக்கு உங்க பிள்ள பட்டன் போட்டத நான் அந்தக் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே நின்னேன். எம் பிள்ள அதுல ஒரு பட்டன் போட்டுட்டாலே, அந்தப் பணத்த அன்னைக்கே திருப்பிக் குடுத்துருவேன்.” பஸ் வந்துவிட்டது. நான் போக வேண்டிய பஸ் இல்லை, இருந்தாலும் ஏறிவிட்டேன்.

கடிதம் வந்த மறுநாளே அதைப் பெனிட்டா மிஸ்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முழுக் கதையையும் சொன்னேன், டைம்டேபிள், முத்துக்குட்டி சார், எல்லாம். அந்தப் பெண் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “ஏன்க்கா, ரேஷன் கார்டு கேக்கப் போறப்போ யாராவது கழுத்து நெறைய நகை போட்டுட்டுப் போவாங்களா?”

“கிழிஞ்ச சேலையோட போய் நிக்க எனக்குத் தெரியாதும்மா” என்றேன். “எங்களுக்கு அப்படிச் சொல்லித் தரல.”

பிறகு அவள் தாரிணியை உட்கார வைத்து என்னென்னவோ கொடுத்துப் பார்த்தாள். நீலச் சட்டைப் பட்டன் போகிறது, யூனிஃபார்ம் கொக்கி போகவில்லை. வீட்டு டப்பா திறக்கிறது, அவள் வைத்திருந்த டப்பா திறக்கவில்லை. வட்டம் வெட்டுகிறாள், சதுரம் என்றால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுகிறாள். “பாத்தீங்களா? சொல்லிக் குடுத்தது மட்டும்தான் வருது. அத வச்சு அவளா இன்னொண்ணுக்குப் போகணும். அதுக்குத்தான் இந்த ஒரு வருஷம் வேணும்” என்றாள். சொல்லிக் கொடுத்ததுதானே வரும்? நான் படித்து வாங்கின மார்க் எல்லாம் அப்படி வாங்கினதுதான். இதில் என்ன பெரிய குறை என்று எனக்குப் புரியவில்லை. வாயை மூடிக்கொண்டேன், ஏனென்றால் அவள் மூன்று பக்கத்துக்கு இந்த டாக்டருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். பிள்ளையை மறுபடியும் ஒரு தடவை பாருங்கள், இந்த முறை வேறு சாமான் வைத்துப் பாருங்கள் என்று.

எழுதி முடித்துவிட்டு, “ஒரு சந்தேகம்க்கா, அந்த மூணு வாரமும் நெசமாவே நீங்க அவ கையைத் தொடவே இல்லையா?” என்று கேட்டாள். “தொட்டா காப்பி இல்லையா?” என்றேன். “நான் ஆறு மாசமா உங்ககிட்ட கெஞ்சினது அதுக்குத்தான்” என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, நேரமாகிவிட்டது.

அந்த மறுபரிசீலனைதான் இன்றைக்கு. இது போனால் அவ்வளவுதான். இந்த மாதத்தோடு தெரபி நின்றுவிடும், ஊஞ்சல், பந்துத் தொட்டி எல்லாவற்றுக்கும் கும்பிடு. பெனிட்டா மிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்: “ஒண்ணும் சொல்லிக் குடுக்காதீங்க. சும்மா இருங்க. அவ எப்படி இருக்காளோ அப்படியே கூட்டிட்டுப் போங்க.” சும்மா இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. அதனால் ஒரு வழி செய்தேன். பதினைந்து நாளாகப் பட்டன், சாப்பாடு, தலை எல்லாம் பழையபடி நானே எடுத்துக்கொண்டேன், கொஞ்சம் மறக்கட்டும் என்று. எங்கே மறக்கிறாள்? கையை நீட்டினால் “நானே” என்கிறாள். தோசையைக் கையில் எடுத்தால் “நானே”. இன்றைக்குக் காலையில் இந்தச் சட்டைக்கு நாற்பது நிமிஷம். இரண்டு பஸ் போயிற்று. மேல் பட்டனைக் கீழ் ஓட்டையில் போட்டிருக்கிறாள், பாருங்கள், ஒரு பக்கம் ஏறி நிற்கிறது. சரி செய்யப் போனேன், விடவில்லை. நல்லது, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். டாக்டர் பார்க்கட்டும்.

இன்னொன்றும் செய்தேன், உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அவள் காலைப் பாருங்கள். பக்கிள் வைத்த செருப்பு. மற்ற நாளில் ரப்பர் செருப்புதான் போடுவாள். இந்தப் பக்கிள் அவளுக்கு வரவே வராது. போர்ஷனிலேயே இல்லை, நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. ஒரு வருஷமாக நான்தான் மாட்டிவிடுகிறேன், நான்தான் கழற்றிவிடுகிறேன். இங்கே செருப்பை வாசலில் விட வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு நேரே டாக்டரின் மேஜை. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தாய் குனிந்து செருப்பு கழற்றுவதை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டால், மூன்று பக்கக் கடிதம் சொல்லாததை அது சொல்லிவிடும். பெனிட்டா மிஸ் சொன்னதை நான் மீறவில்லை. சொல்லித்தானே கொடுக்கக் கூடாது என்றாள், செருப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

ஏமாற்று என்று நினைக்கிறீர்களா? அதில் பொய் எங்கே இருக்கிறது? அவளுக்கு அது தெரியாது என்பது உண்மைதானே. உண்மையை நல்ல வெளிச்சத்தில் வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஒன்பதா? ஒன்பதுதான் கூப்பிட்டார்கள். உங்களிடம் பேசிக்கொண்டிருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை, நீங்கள் நன்றாகப் பேசுகிறீர்கள். தாரிணி, வா. எறும்பு அது வீட்டுக்குப் போகட்டும், நீ வா. இந்த வாசலில் நில்லு. இங்கே, கண்ணாடிக்கு நேரே. காலை நீட்டு, அம்மா கழற்றிவிடுகிறேன்.

என்னது? நானேவா? இன்றைக்கு வேண்டாம் கண்ணு, உள்ளே காத்திருக்கிறார்கள். காலை நீட்டு. கையைத் தட்டிவிடுகிறாள் பாருங்கள். தாரிணி, அது உனக்குத் தெரியாது. அதை நாம் படிக்கவே இல்லை.

அந்த வாரை ஏன் அப்படி இழுக்கிறாய். இல்லை, அப்படித்தான் இழுக்க வேண்டும். முதலில் பின்னால் இழுத்தால்தான் அந்தக் கம்பி ஓட்டையிலிருந்து வெளியே வரும்.

இதை யாரடி உனக்குச் சொல்லித் தந்தது? பெனிட்டா மிஸ்ஸா? முத்துக்குட்டி மாமாவா? பின்னே?

பார்த்தாளாம். கேட்டீர்களா? ஒவ்வொரு தடவையும் நான் குனிந்து கழற்றும்போது மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

அம்மா, எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். பாப்பா முழிக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு எழுந்து வாருங்கள். அந்தக் கண்ணாடிக்கு நேரே நில்லுங்கள். இன்னும் கொஞ்சம் இடது பக்கம். முந்தானையை விரித்துவிட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் தலை நிமிர்ந்தால் உங்கள் சேலைதான் தெரிய வேண்டும், இது தெரியக் கூடாது. ஆமாம், அப்படித்தான்.

ஆமாம் சார், ஒன்பதுதான், வருகிறோம். பிள்ளை செருப்பு கழற்றுகிறது. இல்லை சார், நான் கழற்றிவிட முடியாது, எனக்கு முதுகு பிடித்திருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், நீங்கள் உள்ளே போங்கள். எதற்குத்தான் இந்த டோக்கன் கூப்பிடுகிற மனுஷருக்கு இவ்வளவு அவசரமோ.

தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழு. கம்பி வந்துவிட்டது, நகராதீர்கள். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது.

நூறு.

இன்னும் ஒரு கால் இருக்கிறது. ஒன்று. இரண்டு.